கட்டி உடைந்த மாதம்

மார்ச் 2

எங்கள் வீட்டுக் கொதிகலன்காரருக்குக் கழுத்தில் கட்டி. கூப்பிட்டால் தலை திரும்பவில்லை, முழு ஆளும் திரும்புகிறார். பாமாயில் ஆலையில் அத்தனை பெரிய கொதிகலனை ஆட்டிப்படைக்கிற மனிதர், வீட்டில் ஒரு சட்டை மாட்ட என்னை மூன்று தடவை கூப்பிட்டார். அக்காவுக்குப் போன் போட்டேன். அவள் நர்ஸாக இருப்பது பிரசவ வார்டில். ஆனாலும் எங்கள் வீட்டு வியாதி எல்லாவற்றுக்கும் அவள்தான் டாக்டர்.

"வெந்நீர் ஒத்தடம் குடு. பழுக்காம அழுத்தித் தொலைக்காத. எப்படி இருக்குன்னு மெசேஜ் போடு."

போட்டுவிடலாம். ஆனால் என் மனசு முழுக்க ஆலைக் கொட்டகையில் கிடக்கிறது. எனக்கு அங்கே லேப் வேலை. எட்டு மாதமாக மேனேஜரைத் துளைத்தெடுத்துக் கேட்ட இயந்திரம் இன்று வந்து இறங்கிவிட்டது! பழம் உதிர்த்த வெறும் குலைகளை நாராகக் கிழித்துக் காய வைத்துக் கொடுத்தால், சூடாக அழுத்தி, விறகுக்குப் பதில் எரிக்கிற கட்டிகளாகத் தள்ளும். ஒரு மாதத்துக்கு இரவல்.

மேனேஜர் சொன்னது: "முப்பத்தொண்ணாம் தேதிக்குள்ள வெளியாள் ஒருத்தராவது எரிச்சுப் பாத்து வேணும்னு சொல்லணும். இல்லன்னா மெஷின் திரும்பிப் போயிடும். குலை பழையபடி பள்ளத்துக்குத்தான்."

பள்ளம் எங்கள் வீட்டுக்கு நேர் பின்னால். நாற்றத்துக்கும் ஈக்கும் பயந்து சமையலறை ஜன்னலைச் சாத்தி நாலு வருஷம் ஆகிறது. பட்டப்பகலில் விளக்குப் போட்டு வெங்காயம் நறுக்குகிறேன்.

மார்ச் 5

ஆலையில் எண்ணெய்த் தொட்டிகளைப் பார்த்துக்கொள்கிற தொட்டிக்காரர், லேப் சோதனைக்கான மாதிரியை மேலாக அள்ளிக்கொண்டு வந்தார். "அடியில ஒண்ணு, நடுவுல ஒண்ணு, மேல ஒண்ணுன்னு எத்தனை தடவை சொல்றது?" வாங்கு வாங்கென்று வாங்கித் திருப்பி அனுப்பினேன். நல்ல மனிதர், பாவம். ஆனால் இந்த விஷயத்தில் எனக்கு இரக்கமே கிடையாது.

மார்ச் 8

மழை. நார் காயவில்லை. கழுத்தும் பழுக்கவில்லை.

மார்ச் 13

நாளை அழுத்துகிறோம்!! மூன்று நாள் நல்ல வெயில். குவியலிலிருந்து ஒரு கைப்பிடி நார் எடுத்து, லேப் அடுப்பில் உலர்த்தி எடை பார்த்தேன். ஈரம் நூற்றுக்குப் பத்து. சொல்லிவைத்த மாதிரி வேண்டிய அளவு. இயந்திரத்தோடு வந்திருக்கும் மெக்கானிக்குக் காதோடு பேசத் தெரியாது, அதனால் எல்லோருக்கும் அவர் 'ஒலிபெருக்கி'. "மேடம் கணக்கு தப்பாது!" என்று அவர் கத்தியது மேனேஜர் அறை வரை கேட்டிருக்கும். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கழுத்துக் கட்டி நேற்றே தானாக உடைந்துவிட்டது. அக்காவுக்குச் சொல்ல வேண்டும்.

மார்ச் 14

எழுதவே பிடிக்கவில்லை.

முதல் கட்டி, நடுவில் துளையோடு, கருகருவென்று அழகாகத்தான் வந்தது. கைதட்டினோம். அப்புறம் — படார். அடுத்ததும் படார். நாற்பது கட்டி, ஒன்றுகூட முழுசாக மிஞ்சவில்லை. கொதிகலன்காரர் கழுத்தில் பஞ்சு ஒட்டிக்கொண்டு வந்து நின்று, எல்லார் முன்னாலும், "பட்டாசுக் கம்பெனி ஆரம்பிச்சிருக்கேன்னு சொல்லவே இல்லையே!" என்றார். ஒரே சிரிப்பு.

யார் கேட்டா என்னை? லேப்ல சிவனேன்னு உக்காந்திருந்தா என்ன குறைஞ்சுபோச்சு?

தாங்காமல் அக்காவுக்கு அனுப்பினேன்: "கட்டி உடைஞ்சிடுச்சு அக்கா. எல்லாம் போச்சு."

உடனே பதில்: "அப்பாடா! நல்லதாப் போச்சு. மிச்சம் மீதி இல்லாம எல்லாம் போகட்டும். சந்தோஷமா இரு."

கூடப் பிறந்தவளா இவள்?

மார்ச் 15

சண்டை போடத்தான் போன் செய்தேன். பாதிச் சண்டையில் அவள், "அடிப் பாவி, நான் உன் வீட்டுக்காரர் கழுத்தைச் சொன்னேன்டி!" என்றாள். இருவரும் சிரித்துச் சிரித்து எனக்கு வயிறே வலித்துவிட்டது.

"சரி, கழுத்து எப்படி இருக்கு?"

"காஞ்சிடுச்சுக்கா."

"மேல காஞ்சிருக்கும். அதை நம்பி ஏமாறாத. உள்ள ஈரம் நிக்கும். நல்லா அமுக்கிப் பாரு."

போனை வைக்கக்கூட இல்லை, செருப்பைத் தேடி ஓடினேன். நார்க் குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டேன். உள்ளே கதகதவென்று, பிழிந்தால் சொட்டும்போல ஈரம். அடியிலிருந்தும் நடுவிலிருந்தும் எடுத்துப் பார்த்தால் இருபத்தாறு! அந்தத் தண்ணீர்தான் சூட்டில் ஆவியாகிக் கட்டியை வெடிக்க வைத்திருக்கிறது.

மேலாக அள்ளியிருக்கிறேன். நான்!

மார்ச் 16

தொட்டிக்காரரிடம் நானே போய்ச் சொன்னேன். முகத்தைத் துளிகூட மாற்றாமல், "திருப்பி அனுப்பியிருக்கணும் மேடம்" என்றார். வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 18

மறுபடி மழை. வெயிலை நம்பினால் முப்பத்தொன்று தாண்டிவிடும். சாப்பிடும்போது கொதிகலன்காரர் திடீரென்று, "புகைபோக்கியைச் சுத்தி எவ்வளவு சூடு வீணாப் போகுது தெரியுமா? தகரக் குழாய் போட்டு, ஒரு ஃபேன் வெச்சா உன் கொட்டகைக்குத் திருப்பி விடலாம்" என்றார்.

"பட்டாசுக் கம்பெனிக்கா?"

"அன்னிக்கு உன் முகத்தைப் பாத்திருந்தா சொல்லியிருக்க மாட்டேன். பின்னாடி நின்னுட்டேன்."

தட்டைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குக் கோபம் போய்விட்டது. உடனே போயிருக்கக் கூடாது, ஆனாலும் போய்விட்டது.

மார்ச் 22

ஒலிபெருக்கியும் கொதிகலன்காரரும் தகரத்தை வளைத்தார்கள். ஊரே கேட்டது. நாரை மணிக்கொரு தடவை புரட்டிப் போட்டோம். தோள் கழன்றுவிடும்போல இருக்கிறது.

மார்ச் 26

அடி, நடு, மேல். மூன்று மாதிரி. ஒன்பது, பத்து, ஒன்பது. எடுத்துவந்தது தொட்டிக்காரர், வேறு யாரையும் நம்ப மாட்டேன், என்னையும் சேர்த்து.

அழுத்தினோம். காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். ஒரு சத்தம் இல்லை. மேனேஜர் ஒரு கட்டியை எடுத்து மாடிப்படியிலிருந்து கீழே போட்டார். ஓரம் மட்டும் கொஞ்சம் உதிர்ந்தது. "ம்" என்றார். அவர் 'ம்' சொல்லி நான் பார்த்ததே இல்லை.

மார்ச் 30

சலவை நிலையத்தில் சோதனை. விடுதிகளின் வெள்ளைப் படுக்கை விரிப்புகளை நீராவியில் துவைத்துத் தேய்க்கிற இடம். முதலாளியம்மா ஒவ்வொரு விரிப்பாக முகர்ந்து பார்த்தார். நாலு மணி நேரம் நீராவி இறங்கவே இல்லை.

"சாம்பல் கொஞ்சம் ஜாஸ்தி. அடுப்புக் கம்பியில ஒட்டுது" என்றார். போச்சு என்று நினைத்தேன். "அதை ரெண்டு வேளை சுரண்டிக்கலாம். விறகு மாதிரி புகையலையே. வாரா வாரம் ஒரு லாரி அனுப்புவீங்களா?"

வாசலிலேயே நின்று அக்காவுக்கு அனுப்பினேன்: "கட்டி உடையல அக்கா!!!"

பதில்: "எந்தக் கட்டி? தெளிவாச் சொல்லு, அதுக்கப்புறம்தான் சந்தோஷப்படுவேன்."

ஏப்ரல் 19

இயந்திரம் இங்கேயே தங்கிவிட்டது. நான் பாதி நாள் லேப், பாதி நாள் கொட்டகை. பள்ளத்துக்கு மூன்று வாரமாக லாரி போகவில்லை. பழைய குப்பையின் மேல் மண் போட்டு மூடிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை என்று அக்கா வந்திருந்தாள். முதல் வேலையாக அவர் கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். தழும்புகூட இல்லை. சமையலறை ஜன்னல் தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. கொதிகலன்காரர் எண்ணெய் விட்டு, தட்டி, அவர்பாட்டுக்குத் திட்டி, ஒருவழியாகத் திறந்தார். மூன்று பேரும் மூச்சை இழுத்துப் பார்த்தோம். மண் வாசனை மட்டும்தான்.

நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். அக்கா விளக்கை அணைத்தாள்.