பெல்ஹாமுக்கு மாட்டிக் கொடுத்த நூல்

அன்புள்ள பெய்கிக்கு,

நீயும் பாப்பாவும் சுகம்தானே? அவளுக்குச் சளி விட்டதா? நான் நன்றாக இருக்கிறேன். பகலெல்லாம் ஆற்றில் நிற்பதால் கால் மட்டும் காய்வதில்லை.

இங்கே ஒரு வேடிக்கை. சால்மன் மீன் பிடிக்க லண்டனிலிருந்து பெல்ஹாம் என்றொருவர் எங்கள் விடுதிக்கு வந்திருக்கிறார்; ஆற்றில் அவருக்குத் துணையாள் நான். இரண்டு கையாலும் வீசுகிற புதுத் தூண்டில் கோல், புது நூல். வீசினால் நூல் அவர் காலடியிலேயே சுருண்டு விழுந்தது.

“என்னப்பா தொர்க்கில், கோல்லயும் ஒன்பதுன்னு போட்டிருக்கு, நூல்லயும் ஒன்பதுன்னு போட்டிருக்கு. உங்க ஸ்பே ஆத்துக்குத்தான் என்னைப் பிடிக்கலையா?”

எண் ஒன்றானாலும் எடை ஒன்றாக இருப்பதில்லை. அந்த லேசான நூலுக்கு அவருடைய கோல் வளையவே இல்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர் வெறுத்துப்போய் ஊருக்குக் கிளம்பியிருப்பார்; நானும் பாப்பாவின் ஞானஸ்நானத்துக்குக் கப்பலேறியிருப்பேன். கை சும்மா இருந்தால்தானே! சமையலறைத் தராசில் நூலை நிறுத்துப் பார்த்துவிட்டு, என்னுடைய கனத்த நூலை மாட்டிக் கொடுத்தேன். மதியம் வீசியது அக்கரைப் பாறையைத் தொட்டது. மனுஷர் குதித்தார்.

“சீசன் முடியுற வரைக்கும் இருக்கேன். ஆனா தொர்க்கில்தான் கூட வரணும்,” என்று விடுதி முதலாளியம்மாவிடம் சொல்லிவிட்டார்.

“குழந்தைக்கு ஞானஸ்நானம்மா,” என்றேன்.

“போயிட்டு வா. வேலை இருக்குமான்னு மட்டும் கேக்காதே.”

ஞாயிறு இங்கே யாரும் சால்மன் பிடிப்பதில்லை. ஆனால் ஒரே நாளில் நம் தீவுக்கு வந்து திரும்ப முடியுமா?

கம்பளிக் காலுறை அனுப்பு. பாப்பாவின் தொப்பி ஒன்றும் அனுப்பு, துவைக்காமல். அவளை அப்பாதான் தூக்கி நிற்க வேண்டும் என்று போதகரிடம் சொல்லித் தள்ளிப்போடு. என் தம்பி கையில் மட்டும் கொடுத்துவிடாதே.

பெல்ஹாம் கூப்பிடுகிறார்.

உன் தொர்க்கில்