ஐந்தாவது மெம்பர்

சித்திரை 18, திங்கள்

காலையிலேயே அனல். சேரிக் கிணற்றில் சேறுதான் மிச்சம். செங்கல் சூளைக்கு லீவு சொல்லிவிட்டு, துவைத்த சட்டையோடு பஞ்சாயத்து போர்டுக்கு. சர்க்கார் என்னை மெம்பராக நியமித்த பிறகு முதல் கூட்டம். சேரியில் நாலாம் வகுப்பு படித்தவன் நான் ஒருவன்தான்.

அறையில் நாலு நாற்காலி, நாலு மெம்பர்கள். குமாஸ்தா வாசலிலேயே மறித்தார்.

"நீ ஜன்னலாண்ட நில்லுப்பா. அங்கியே காதுல வுழும்."

நின்றேன். வெயில் முதுகில். ஒரே தீர்மானம்: ஊர்க் கிணறு இனி எல்லா ஜாதியாருக்கும் பொது. அதிகாரி வரப்போகிறாராம், அதற்காக. முன்மொழிந்தவர் என்று என் பேர். நாலு பேரும் கை தூக்கினார்கள். மினிட் புத்தகம் ஜன்னல் வழியாக வந்தது. 'அங்கத்தினர் ஐவரும் ஆஜர்.' கையெழுத்துப் போட்டேன்.

சித்திரை 20, புதன்

ஊர்க் கிணற்றடியில் 'எல்லாருக்கும் பொது' என்று பலகை அடித்துவிட்டார்கள். சேரியில் எல்லாருக்கும் சொன்னேன். தங்கச்சி முனியம்மா நம்பவில்லை.

"மெய்யாலுமா அண்ணே? நம்ம போனா ஒண்ணும் சொல்லமாட்டாங்களா?"

"சர்க்கார் எழுத்தும்மா."

எண்ணெய், உப்பு வாங்க வேண்டும்.

சித்திரை 23, சனி

முனியம்மா ஊர்க் கிணற்றுக்குப் போனாள். குடம் உடைந்தது. வலது மணிக்கட்டும். தடியால் அடித்தவர் பெரிய பண்ணைக்காரர், திங்களன்று கை தூக்கிய மெம்பர். முனியம்மா புருஷன் ஏழுமலைக்கு அவர் நிலத்தில்தான் வேலை.

மாட்டுவண்டியில் நசரத்பேட்டை தாண்டி பூந்தமல்லி ஆஸ்பத்திரி. வழியெல்லாம் முனகல். எப்படி ஆச்சு என்று டாக்டர் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அவளே சொன்னாள்: "வழுக்கி வுழுந்துட்டேன் சாமி."

சித்திரை 24, ஞாயிறு

போர்டு பிரசிடெண்ட் வீடு. வாசலில் நின்றே பேச்சு.

"அதான் தீர்மானம் போட்டாச்சேப்பா. இன்னும் இன்னா வோணும்?"

"அடிச்சவரு மெம்பருங்க."

"நீயுந்தான் மெம்பரு. பேரு கெடச்சிதுல்ல, அத வெச்சிகினு சொம்மா கெட."

தூக்கம் இல்லை. முனியம்மாவுக்குக் காய்ச்சல்.

சித்திரை 29, வெள்ளி

சைதாப்பேட்டையிலிருந்து அதிகாரி. இன்று அறைக்குள் ஐந்தாவதாக ஒரு நாற்காலி. என்னை உட்காரச் சொன்னார்கள். பக்கத்தில் பண்ணைக்காரர், வெற்றிலை வாசனை.

கிணறு பொதுவாகத்தான் இருக்கிறதா என்று அதிகாரி கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். குமாஸ்தா முன்னமே எழுதிய காகிதத்தை நீட்டினார்: 'சகல ஜாதியாரும் தடையின்றி உபயோகித்து வருகிறார்கள்.' கீழே என் பேர். கையெழுத்து மட்டும் பாக்கி.

அடித்தேன், அந்த வரியை. மேலே எழுதினேன்: 'தண்ணீர் எடுக்கப்போன ஏழுமலை பெண்சாதி முனியம்மாள் கையை இந்த போர்டு மெம்பரான பெரிய பண்ணைக்காரர் முறித்தார்.' எழுத்துக் கோணல். அதிகாரி படித்தார். மடித்துப் பையில் வைத்தார். "பார்க்கலாம்" என்றார். காப்பி குடித்துவிட்டுக் கிளம்பினார்.

நான் ஊர் தாண்டி வருவதற்குள் சேதி முந்திக்கொண்டது. பண்ணையில் ஏழுமலையை நிறுத்திவிட்டார்கள். அவர்கள் குடிசை இருப்பதும் பண்ணை மனையில். பொழுது சாய்வதற்குள் காலி செய்ய வேண்டுமாம்.

முனியம்மா இடது கையால் துணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். உதவப் போனேன். தள்ளிவிட்டாள்.

"என் பேர எய்தறதுக்கு முன்ன என்ன ஒரு வார்த்த கேட்டியா அண்ணே?"

கேட்கவில்லை.