உன் கதையில் வரும் அம்மா

பங்கானி,
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் ஸைதூனிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவன் கிருபையில் இங்கே நாங்கள் சுகம், அப்பாவின் முழங்கால் வலி மட்டும் மழையோடு வந்து மழையோடு போகிறது. நீயும் மாப்பிள்ளையும் முவான்சாவில் சுகமாக இருக்கவேண்டும், ஏரி மீனைத் தின்று நம் கடல் மீனை மறந்துவிடாதே.

நீ எழுதிய கதைப் புத்தகம் பஸ்ஸில் பத்திரமாக வந்தது. நம் சுவாஹிலியில், அட்டையில் உன் பெயரோடு பார்த்ததும் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் முற்றத்தில் உட்கார்ந்து உரக்கப் படிக்கிறார், பக்கத்து வீட்டுப் பெண்கள் தேங்காய் துருவ இங்கேயே வந்துவிடுகிறார்கள். நீ வயசுக்கு வந்தபோது உனக்குப் புத்தி சொல்லிக் காவலிருந்த பீபி ரெஹெமாவுக்குத்தான் கோபம். "என்னைக் குண்டச்சின்னு எழுதியிருக்காளே, வரட்டும், காதைத் திருகுறேன்" என்கிறாள், ஆனால் ஒருநாளும் வராமல் இருந்ததில்லை.

செவ்வாய்க்கிழமை அந்த இடம் வந்தது. வயசுக்கு வந்த பெண்ணை அம்மா ஏழு நாள் உள்ளறையில் பூட்டுகிறாள், நடுவில் ஏழாம் வகுப்புப் பரீட்சை, பெண் ஜன்னல் வழியே குதித்தோடி எழுதிவிட்டு அம்மாவுக்குத் தெரியாமல் திரும்புகிறாள். அப்பா வாசிப்பதை நிறுத்திவிட்டார். அது நடந்த வாரம் அவர் கடலில் இருந்தார், ஒன்றும் அறியார். "நிஜமாவா? நீயா பூட்டின?" என்று கேட்டார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. "ஆமா, ஊர் வாய்க்குப் பயந்து பூட்டினேன். ஜன்னல் கொக்கியைக் கழட்டி வச்சதும் நான்தான். அதிர்ஷ்டவசமா வெளியே முக்காலி கிடந்துச்சுன்னு எழுதியிருக்காளே, அதைப் போட்டதும் நான்தான்" என்றேன். பீபி ரெஹெமா துருவலைக் கொட்டிவிட்டு எழுந்தாள். "அடி கள்ளி! அதுக்குத்தான் அன்னிக்கு காவலிருந்த என்னை வாசலுக்கு இழுத்துட்டுப் போய் ஒரு கோழிக்கு அவ்வளவு நேரம் பேரம் பேசினியா?" முற்றமே சிரித்தது. அப்பா மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

உனக்கு என்மேல் இத்தனை வருத்தம் இருந்தது படித்தபிறகுதான் புரிந்தது மகளே. கதவுக்கு இந்தப் பக்கம் எனக்கும் சோறு இறங்கவில்லை. இதை அப்போதே சொல்லாதது என் தப்பு. அடுத்த பதிப்பில் மாற்றச் சொல் என்று எல்லோரும் சொல்கிறார்கள். மாற்றாதே. முக்காலி போட்டவள் நான், குதித்தவள் நீதானே.

உன் கையும் பேனாவும் நன்றாக இருக்கட்டும், இரண்டு பேரும் நீண்ட ஆயுளோடு இருங்கள். மறக்காமல் இன்னொரு புத்தகம் அனுப்பு. இருந்ததை பீபி ரெஹெமா கொண்டுபோய்விட்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது, தான் வரும் பக்கத்தை மட்டும் மடித்து வைத்துக்கொண்டு வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறாளாம்.

உன் அம்மா,
ம்வானாஜுமா