புகைப்புரைத் தட்டில் வைத்த டிவிடி

ஜூன் 11, செவ்வாய்

முதல் சிடி பாழ். இடம் போதாது என்று கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது. ஜெரிஷுக்குப் போன் செய்தால், இதற்கு டிவிடி வேண்டும் என்கிறான். முதலிலேயே சொல்ல வாயில்லையா? என் வீட்டுக்காரரின் அக்கா மகன், திருவட்டாறில் கேமரா மாட்டிக் கொடுக்கும் கடை வைத்திருப்பவன் - அவனுக்கா தெரியாது?

வக்கீலுக்கு 21-ஆம் தேதி கொடுத்தாக வேண்டும். மே 26, ஞாயிறு ராத்திரி ஏழேகால் மணிக்கு, ரப்பர் பால் வெட்டும் சுடலையாண்டியை இடித்துவிட்டு நிற்காமல் போன ஜீப் எங்களுடையதாம். இவர் பேரில் வழக்கு. இவர் வண்டியை எடுக்கவே இல்லை என்கிறார். வாசல் கேமராவில் பதிந்திருக்குமே என்று வக்கீலிடம் சொன்னது நான்தான். இவருக்குப் பிடிக்கவில்லை. கர்த்தர் தந்த சாட்சியை வேண்டாம் என்பார்களா?

ஆறு, ஏழு, எட்டு மணி என்று மூன்று துண்டாக ஜெரிஷ் பென்டிரைவில் எடுத்துத் தந்திருக்கிறான். ஆறு மணித் துண்டைத் திறந்து பார்த்தேன். ஜீப் முற்றத்தில் நனைந்துகொண்டு நிற்கிறது. அது போதும். மழை பெய்யும் முற்றத்தை யார் மணிக்கணக்கில் பார்ப்பது?

ஜூன் 13

டிவிடி. ஏழு மணித் துண்டு பாதி ஏறும்போது நின்றுவிட்டது. இரண்டாவதும் அதே இடத்தில்.

ஏன் சரியாக அங்கே?

ஜூன் 14

ஜெரிஷ் பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரியில் சுடலையாண்டியைப் போய்ப் பார்த்தானாம். பக்கத்து வீட்டு ஜெஸ்பின் சொன்னாள். அப்படியா சங்கதி. பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுகிறான்.

என் லேப்டாப்பில் சிடி போட வழியில்லை. டிவிடி எழுதும் பெட்டியும் அவன் இரவல் தந்ததுதான். கெட்டதாகப் பார்த்துத் தந்திருப்பானோ? வந்த நாள் முதல் பெட்டியும் டிவிடிகளும் புகைப்புரையில்தான் இருக்கின்றன, ரப்பர் ஷீட் புகையில் காயும் கம்புகளுக்கு மேலே உள்ள தட்டில். மழைக்காலத்தில் ஈரம் ஏறக்கூடாத எதையும் அங்கே வைப்பது இந்த வீட்டு வழக்கம். இன்று பூட்டும் போட்டுவிட்டேன். இனி யார் கையும் படாது.

ஜூன் 16, ஞாயிறு

எழுதும் வேகத்தைக் குறைக்கச் சொன்னான் ஜெரிஷ். குறைத்தேன். வேறு கம்பெனி டிவிடி வாங்கினேன். இப்போது ஆறு மணித் துண்டே ஏறவில்லை.

இவர் என்னடாவென்றால், "கெடந்துட்டுப் போட்டு, விடு" என்கிறார். விடுவதா? ஜெயிலுக்குப் போகப்போவது யார்? ஆலயத்தில் பிரசங்கம் ஒன்றும் காதில் ஏறவில்லை. அழுகைதான் வந்தது.

ஜூன் 19

வேறு வழியில்லை, ஜெரிஷை வரச் சொன்னேன். கண்ணை எடுக்காமல் பக்கத்திலேயே நின்றேன். பெட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்தான். உள்ளே பொட்டு அளவு கண்ணாடியில் பழுப்பாக என்னவோ படிந்திருந்தது.

"மாமி, இத எங்க வச்சிருந்திய?"

சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

"ரப்பர் புகை லென்ஸ்ல கேறிட்டு. அதாக்கும் எழுத மாட்டேங்கு."

பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்தான். கடையிலிருந்து கொண்டுவந்த புது டிவிடியைப் போட்டான். மூன்று துண்டும் ஏறின.

என்னவெல்லாம் நினைத்துவிட்டேன் அவனை. வெட்கமாக இருந்தது. காப்பி போட்டுக் கொடுத்தேன். முழுவதும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வக்கீலிடம் கொடுக்க வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனான்.

ஜூன் 20

ஓட்டிப் பார்த்தேன்.

ஏழு மணி நாலு நிமிடம் - இவர் வருகிறார். ஜீப்பில் ஏறுகிறார். போகிறார்.

ஏழு முப்பத்தொன்று. ஜீப் திரும்பி வருகிறது. இறங்கி முன்பக்கம் குனிந்து பார்க்கிறார். தோளில் கிடந்த துவர்த்தால் துடைக்கிறார். கொட்டுகிற மழையில் நின்று துடைக்கிறார்.

அன்று நான் ஆலயத்தில் பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். வந்ததும் சோறு விளம்பச் சொன்னார். விளம்பினேனே. மீன் துண்டு பெரியதாகப் பார்த்து வைத்தேனே.

ஜூன் 21, வெள்ளி

சட்டை போட்டுக்கொண்டே, சிடி ஏறிற்றா என்று கேட்டார்.

"ஏறிட்டு. முழுசும் பாத்தேன்."

பொத்தானில் இருந்த கை நின்றது. கட்டிலில் உட்கார்ந்தார். "செத்துட்டான்னு நெனச்சுப் பயந்துட்டேன்" என்றார்.

"வக்கீல்ட்ட நீங்களே சொல்லுங்க. இல்லேண்ணா நான் இதக் குடுப்பேன்."

ஜீப்பை எடுக்கவில்லை. பஸ்ஸில் போனோம். வக்கீல் டிவிடிக்காக என்னிடம் கை நீட்டினார். அதற்குள் இவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்த ஞாயிற்றுக்கிழமை ஏழு மணியிலிருந்து சொல்லத் தொடங்கினார். நான் பையைத் திறக்க வேண்டி வரவில்லை.