உங்கள் இங்கிலீஷை நான் திருத்திய நாட்கள்

என்னங்க,

என் அன்புக்குரியவரே, அடுத்த மாதம் வந்தால் நீங்கள் போய் ஒரு வருஷம். இதைத் தமிழில்தான் எழுதுகிறேன். இதிலாவது நீங்கள் பிழை பார்க்க மாட்டீர்கள்.

பிரேசர் டவுன் வீட்டுக்கு நான் மருமகளாக வந்தபோது எனக்கு இங்கிலீஷ் பேச வராது. குடியாத்தத்தில் தமிழ் மீடியத்தில் படித்தவள். உங்கள் வீட்டிலோ சாப்பிடும்போதுகூட இங்கிலீஷ்தான். ஆபீசில் மேனேஜர் எழுதும் கடிதத்தையே திருத்திக் கொடுப்பவர் என்று உங்களுக்குப் பெயர்.

ஒரு ஞாயிறு சர்ச் வாசலில் பாஸ்டரின் மனைவியிடம், ‘ஐ டிட் நாட் கேம் யெஸ்டர்டே’ என்றேன். சுற்றிலும் பத்துப் பேர்.

“‘டிட்’ வந்தாச்சு இல்ல, அப்புறம் எதுக்கு ‘கேம்’? ‘கம்’னு சொல்லணும். எஸ்தர், முதல்லேர்ந்து சொல்லு,” என்றீர்கள்.

சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். ஆட்டோவில் வரும்போது, “உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்,” என்றீர்கள். முப்பத்திரண்டு வருஷம் அப்படியே சொன்னீர்கள். நம் மகள் ஷீபாவின் கல்யாணத்தில், சம்பந்தி வீட்டார் முன்னாலும் சொன்னீர்கள். அதற்குப் பிறகு வெளியாட்கள் வந்தால் நான் சமையலறையை விட்டு வெளியே வருவதில்லை. அதைக் கவனித்தீர்களா?

பிறகு உங்களுக்கு ஸ்ட்ரோக் வந்தது. வலது கை விழுந்தது, பேச்சு போனது, எழுதும் வார்த்தைகளும் குழம்பிப்போயின. ஷீபா வைட்ஃபீல்டிலிருந்து ஒரு சின்ன வெள்ளைப் பலகையும் மார்க்கரும் வாங்கி வந்தாள். இடது கையால் நீங்கள் முதலில் எழுதியது, ‘ஐ வான்ட்ஸ் வாட்டர்.’

டம்ளர் என் கையில்தான் இருந்தது.

“‘ஐ’க்கு அப்புறம் ‘வான்ட்’தான். ‘எஸ்’ வராது. அழிச்சிட்டு எழுதுங்க,” என்றேன்.

என்னையே பார்த்தீர்கள். உள்ளங்கையால் அழித்து, உதடு உலர உலர, மறுபடி எழுதினீர்கள். அப்புறம்தான் தண்ணீர் கொடுத்தேன். “உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்,” என்றும் சொன்னேன்.

தினமும் நடந்தது. உங்களிடம் பேச்சு வாங்கி வாங்கி எல்லா விதிகளும் எனக்கு மனப்பாடமாகியிருந்தன. எனக்கு அது பிடித்திருந்தது. காலையில் எழும்போதே இன்று என்ன தப்பு எழுதுவீர்கள் என்று காத்திருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை, ‘ஐ நீட் கோ டாய்லெட்’ என்று எழுதிப் பலகையை என் பக்கம் தள்ளினீர்கள்.

“‘நீட்’டுக்கும் ‘கோ’வுக்கும் நடுவுல என்ன வரணும்?”

‘டு’ என்று எழுத முயன்றீர்கள். மார்க்கர் நழுவி விழுந்தது. நான் நிதானமாகக் குனிந்து எடுத்துக் கொடுத்தேன். அதற்குள் லுங்கி நனைந்துவிட்டது. துடைத்து, வேறு லுங்கி கட்டிவிட்டேன். நீங்கள் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். அழுதீர்களா? நான் எட்டிப் பார்க்கவில்லை.

அதன் பிறகு நீங்கள் பலகையைத் தொடவே இல்லை. தாகம் எடுத்தாலும் கேட்கவில்லை. நானாகக் கொடுத்தால் குடித்தீர்கள். பதினோராம் நாள் இரண்டாவது ஸ்ட்ரோக் வந்து போய்விட்டீர்கள்.

அடக்கத்தன்று ஷீபா எழுந்து பேசினாள். “அப்பாவுக்கு அம்மா தினமும் போர்டுல எழுத வெச்சு, தப்பெல்லாம் திருத்தி, மறுபடியும் இங்கிலீஷ் கத்துக்குடுத்தாங்க. எந்தத் தெரபிஸ்டுக்கும் அவ்ளோ பொறுமை இருக்காது.” எல்லோரும் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். உங்களையும் என்னையும் தவிர அது பொய்யென்று தெரிந்தவர் அங்கே யாருமில்லை. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

இப்போது சர்ச்சில் யாருக்காவது ஸ்ட்ரோக் என்றால் அந்த வீட்டுப் பெண்களை என்னிடம் அனுப்புகிறார்கள். போன வாரம் ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஆன்ட்டி, உங்க மாதிரி பொறுமை எனக்கு வரணும்னு ஜெபம் பண்ணுங்க,” என்றாள். பண்ணினேன்.

உங்களிடம் மன்னிப்புக் கேட்க எழுதவில்லை. நீங்களும் என்னிடம் கேட்டதில்லை. ஆனால் வருஷ நினைவு ஜெபத்தில் ஷீபா மறுபடியும் அதையே பேசப் போகிறாளாம். அதற்கு முன்னால் அவளை உட்காரவைத்து, அந்தச் சனிக்கிழமையை அப்படியே சொல்லிவிடுகிறேன். அதன் பிறகு அவள் என் முகத்தில் விழிக்காமல் போனாலும் சரி, சொல்லிவிடுகிறேன்.

உங்கள் மனைவி,
எஸ்தர்