கொக்கின் ஒற்றைச் செருப்பு

என்னவருக்கு,

உங்கள் முதுகுவலி தேவலையா? சின்னவள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? வேலைக்கு வந்த ஊரில் நான் நலம்.

நேற்று சலவைத்துணி வேனை ஓட்டிப் போகையில் சிக்னலில் நின்றேன். பக்கத்து வாய்க்காலில் ஒரு கொக்கு. நம் காரில் போகிற நினைப்பில், "கொக்கார் ஒத்தைச் செருப்பைத் தொலைச்சிட்டாராம், அதான் ஒரு காலை மடிச்சு வச்சிருக்காரு" என்று வாய்விட்டே கதையை ஆரம்பித்துவிட்டேன். பின்சீட்டிலிருந்து சின்னவள் "ம்" கொட்டினால்தானே நம் வீட்டுக் கதை நகரும்? பழக்கதோஷம், காத்திருந்தேன். பச்சை விழுந்தது தெரியவில்லை. பின்னால் ஒரே ஹாரன். வேறொன்றுமில்லை, பயப்படாதீர்கள்.

கையுறை ஒரு ஜோடி அனுப்புங்கள். அப்படியே, அவள் "ம்" கொட்டுவதைப் போனில் பதிவு செய்து அனுப்புங்கள். ஒன்று போதாது. கதையில் கொக்கு இன்னும் ஒற்றைக் காலிலேயே நிற்கிறது.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

சின்னவளின் அம்மா