கேஜ் ஏற ஆறு நொடி

தம்பி, போன திங்கட்கிழமை நம் பாத்திரக்கடையின் இணையப் பக்கம் நின்றுபோனது. நீ போய் ஏழு மாதம் ஆகிறது. போனில் திறந்து பார்த்தேன். நீ வரைந்த கேஜ், அந்தச் சுரங்கக் கூண்டு, திரையின் அடியிலேயே கிடக்கிறது; குக்கரும் குண்டானும் மேலே வரவில்லை.

அதைச் செய்து முடித்த அன்று கல்லாவுக்கே வந்து காட்டினாய். மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்தில் ஆளையும் கல்லையும் மேலே தூக்க அப்பா இயக்கிய அதே கேஜ், பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு, திரையின் அடியிலிருந்து மெல்ல ஏறி வந்தது. "சின்ன லைப்ரரிதான்க்கா, யாரோ எழுதி வெச்ச ரெடிமேட் கோடு. எங்கேந்து, எங்க, எத்தினி நேரத்துல, மூணு சொன்னா போதும். மீதிய அதுவே பாத்துக்கும்" என்றாய்.

நான் வியாபாரி. நேரம்தான் என் கண்ணில் பட்டது.

"இன்னாடா இது, ஆமை மாதிரி? அதுக்குள்ள கஸ்டமர் அடுத்த கடைக்குப் பூடுவான்."

"ஆளு ஏறினா கேஜ் மெதுவாத்தான் வரணும்னு அப்பா சொல்வாரு இல்ல? கல்லுக்குத்தான் வேகம்."

"ஆளு எங்கடா? இட்லிக் குண்டான்தானே ஏறியிருக்குது?"

"உன் குண்டானுக்கும் மரியாத குடுத்தேன், போக்கா."

சிரித்துவிட்டேன். ஆனால் விடவில்லை, மாதக்கணக்கில் நச்சரித்தேன். நீ போன அன்று காலை, பெங்களூர் வேலைக்கு நீ கோரமண்டல் ஸ்டேஷனுக்குக் கிளம்பும்போது வாசலிலேயே கத்தினேன். "ஆறு செகண்ட ரெண்டாக்கு. இல்ல, மொத்தமா தூக்கிப் போடு." நீ டீயைக்கூடத் தொடாமல் பையை மாட்டிக்கொண்டு போனாய். ரயிலிலேயே நெஞ்சுவலி. கீழே இறக்கும்போது உயிர் இல்லை.

பக்கத்தைச் சரிசெய்ய கீதா என்ற பெண் வந்தாள். அந்த லைப்ரரியை யாரோ நெட்டில் எங்கோ வைத்திருந்தார்களாம், நம் பக்கம் அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டிருந்ததாம். இப்போது அந்த இடத்தை மூடிவிட்டார்கள். உன் லேப்டாப்பில் ஃபைலைத் தேடித் திறந்தாள்.

"மேடம், இதுல ரெண்டு செகண்டுன்னு மாத்தி வெச்சிருக்காரு. சைட்ல ஏத்தல. பக்கத்துல தமிழ்ல ஏதோ எழுதியிருக்காரு, நீங்களே பாருங்க."

தேதி, அன்றைய தேதி. ரயிலில் உட்கார்ந்து மாற்றியிருக்கிறாய். எண்ணுக்குப் பக்கத்தில், கம்ப்யூட்டர் படிக்காமல் தாண்டிப் போகிற மாதிரி, உனக்காக ஒரு வரி: 'அக்கா கேட்டுச்சு. அப்பா, கோச்சிக்காதே.'

கல்லாவில் உட்கார்ந்தே அழுதேன். கடையில் ஆட்கள் இருந்தார்கள், இருக்கட்டும். பேரம் பேசியே முன்னுக்கு வந்தவள் நான். உன்னிடம் மட்டுமாவது தோற்றிருக்கலாம்.

"இதத் தூக்கிட்டா பேஜ் டக்குனு திறக்கும் மேடம்" என்றாள் கீதா. முடியாது என்றேன். கடைசியில் பேசி முடித்தது இது: அவள் கேட்ட தொகையில் ஒரு ரூபாய் குறைக்க மாட்டேன். லைப்ரரியை நம் இடத்திலேயே வைத்துவிட வேண்டும். மற்றதெல்லாம் அவள் இஷ்டம். உன் வரியில் கை வைக்கக் கூடாது. கேஜ் ஏற ஆறு நொடி.